அக்குளில் அடைகாத்தவன்

டோக்கியோவில் ஒரு சுமோ கூடத்தில் ஷிராஇவா என்றொரு மல்லன் இருந்தான். எடை நூற்றறுபது கிலோ. குறை ஒன்றுதான்: அக்குள் இளகல். எதிராளி அதற்குள் கைவிட்டு இடுப்புக் கச்சையைப் பிடித்தால் போதும், பால் சட்டியை இறக்கி வைப்பதுபோல் இவனை வட்டத்துக்கு வெளியே வைத்துவிடுவான்.

"இந்தத் தடவையும் தோத்தா, கொண்டைய வெட்டிட்டு ஊருக்குப் போய் முள்ளங்கி பிடுங்கு," என்றார் வாத்தியார். ஷிராஇவாவுக்கு முள்ளங்கி என்றாலே ஆகாது.

வாத்தியாரே வைத்தியமும் சொன்னார். அக்குளுக்கு ஒரு பச்சை முட்டை. உடையக் கூடாது, விழவும் கூடாது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதோடுதான்.

மூன்றாம் வாரம் பயிற்சியின்போது இடது அக்குள் "கீச்" என்றது. வலது பதில் சொன்னது. கூடத்தில் யாரும் வியக்கவில்லை. கோழி இரண்டு காலில் நிற்கிற பிராணி, கையூன்றினால் தோற்றுப்போகிற மல்லர்களுக்கு நல்ல சகுனம் என்று மகிழ்ந்தார்கள்.

ஆனால் அன்று மதியம் ஷிராஇவாவின் சாப்பாட்டுக் குச்சிகள் கை நழுவிக் கஞ்சியில் விழுந்தன. இரண்டு மணிக்கட்டும் வாடிய கீரைபோல் தொங்கின. எலும்பு வைத்தியர் முகாயாமா வந்து அக்குளுக்குள் விரல் விட்டுப் பார்த்தார்.

"இத வெறும் பள்ளம்னு நெனச்சியா? முன்சுவர் மார்புத்தசை, பின்சுவர் முதுகுத்தசை. நடுவுல பெரிய ரத்தக்குழாய். குஞ்சு பொரிச்ச அடுப்பு அதுதான். அதச் சுத்தித்தான் கைக்குப் போற நரம்பெல்லாம். நீ சுவர நெருக்கி நரம்ப நசுக்கிட்ட."

"நாளைக்குப் போட்டி வைத்தியரே!"

"நரம்புக்கு நாளைக்கு லீவு. தசை வேலைக்கு வரும், போ."

மறுநாள் எதிராளி தகெசாகி வழக்கம்போல இரண்டு கையையும் உள்ளே விட்டான். திருப்பிப் பிடிக்க ஷிராஇவாவுக்கு விரல் இல்லை. இருந்ததை வைத்து இரண்டு அக்குளையும் சாத்தினான். தகெசாகியின் கைகள் முழங்கைக்கு மேலே மாட்டிக்கொண்டன. ஷிராஇவா அவனை அப்படியே தள்ளிக்கொண்டு வட்டத்துக்கு வெளியே நடந்தான்.

வெற்றி. இனி அவரவர் பக்கம் போய் வணங்க வேண்டும்.

"விட்றா!" என்றான் தகெசாகி. "என் விரலும் மரத்துப்போச்சு!"

"எனக்கும் விட ஆசைதாண்ணே. திறக்க மாட்டேங்குது."

வேறு வழியில்லாமல் இருவரும் ஒட்டியபடியே வணங்கி, ஒட்டியபடியே உள்ளே போனார்கள். வைத்தியர் ஷிராஇவாவுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

வாத்தியார் ஷிராஇவாவின் கொண்டையைத் தட்டினார். "இது இருக்கட்டும். நாளையிலேருந்து திறக்கப் பழகு."