முன்பாய்க்காரன்

அத்தான் போனபிறகு அவருடைய பாய்ப்படகை அக்கா விற்றுவிடுவாள் என்றுதான் ஏரிக்கரைப் படகு கிளப்பில் எல்லோரும் நினைத்தார்கள். ஒன்றிரண்டு பேர் ஜாடையாகக் கேட்டும் பார்த்தார்கள். அவளோ கோடை தொடங்கியதும் தார்ப்பாயை விலக்கி, படகைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"புதன்கிழமை சாயங்காலப் பந்தயத்துக்கு வந்துடு. சுக்கான் நான் பிடிக்கிறேன். முன்பாய் எப்பவும்போல உன்னுது."

"எனக்கு வேலை இருக்கேக்கா."

"நீ ஒரு சாயங்காலம் இல்லன்னா லிஃப்ட் எல்லாம் பக்கவாட்டுலயா போயிடும்? வா."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அத்தான் இருந்தவரை, வாரா வாரம் அந்தப் படகின் முன்பக்கம் உட்கார்ந்து, முன்பாய் என்கிற சின்னப் பாயின் கயிற்றைப் பிடித்தவன் அவன்தான். போன வருஷம் ஒரே ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுபோய் அவன் வர முடியவில்லை. அத்தான் தனியாகப் போனார். படகு திரும்பும்போது பெரிய பாயின் அடிக்கட்டை சுழன்று தலையில் அடித்திருக்க வேண்டும் என்றார்கள். படகு மட்டும் ஆளில்லாமல் மிதந்து வந்து நாணலில் ஒதுங்கியது. அவரை மறுநாள்தான் எடுத்தார்கள். அக்கா அன்றைக்குக் கிளப் மாடியில் ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏரியிலிருந்து ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை.

அந்தப் படகில் மறுபடி ஏறத் தம்பிக்கு உள்ளூர உதறல்தான். ஆனால் அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

அக்காவுக்குக் கண்ணாடிக்கடை. ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்தவள், தண்ணீரின் மேல் கறுப்பாகச் சுருங்கி வரும் இடத்தைப் பார்த்தே காற்று எங்கே இறங்குகிறது என்று சொல்லிவிடுவாள். படகு அவள் கைக்குக் கட்டுப்பட்டது. தம்பிக்குத்தான் நிம்மதி இல்லை. அவள் அத்தானின் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தாள். பெரிய கையுறை, விரல் நுனிகள் தொளதொளவென்று மடங்கின. ஓரக்கண்ணால் பார்க்கும்போது சுக்கானில் இருப்பது அத்தான் கை. அதனால் அவன் பின்னால் பார்ப்பதையே விட்டுவிட்டான். முன்பாயையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு, "திரும்புறேன்" என்று அக்கா சொன்னதும் கயிற்றை விட்டான், மறுபக்கம் இழுத்தான். ஒவ்வொரு தடவையும், அவள் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால், வேறு யாரோ சொல்லப்போவதுபோலக் காது விடைத்துக்கொள்ளும்.

முதல் சில வாரங்கள் கடைசியாக வந்தார்கள். பிறகு நடுவில். அப்புறம் ஒரு புதன்கிழமை நல்ல காற்றடித்தது. ஒரு படகு தொடக்கத்திலேயே கவிழ்ந்து, கிளப்பின் மோட்டார் படகு அதிலிருந்தவர்களைத் தூக்க ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பியபோது அக்காவுக்கு முன்னால் வக்கீல் தம்பதியின் படகு மட்டும்தான் இருந்தது. எப்போதும் ஜெயிப்பவர்கள் அவர்கள்தான். இரண்டு படகுக்கும் இடையே தூரம் குறைந்துகொண்டே வந்தது.

"பிடிச்சுடலாம்," என்றாள் அக்கா. ஒரு வருஷமாக அந்தக் குரலில் இல்லாத ஏதோ ஒன்று அதில் திரும்பியிருந்தது. "கயித்த இன்னும் கொஞ்சம் இழு."

தம்பி இழுத்தான். எதிர்வெயிலில் கண் கூசியது. அப்போதுதான் பின்னாலிருந்து, தண்ணீர்ப் பக்கமாக, அந்தக் கூப்பாடு வந்தது.

"திருப்புளி!"

கையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் என்று அவனை அப்படிக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான். அதுவும் இந்தப் படகில் ஏறினால் மட்டும். கரையில் மரியாதையாக மாப்பிள்ளை என்பார். சத்தமாகவும் இல்லை, பதற்றமும் இல்லை. கயிற்றில் கொஞ்சம் கவனமாயிரு என்று சொல்கிற, அவன் ஆயிரம் தடவை கேட்ட அதே தோரணை.

அவன் கையிலிருந்து கயிறு நழுவியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்னடா பண்றே?"

"அக்கா, திருப்பு."

"எதுக்கு?"

"திருப்புக்கா" என்றான் மறுபடி. அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். முன்னால் போன படகை ஒருமுறை பார்த்துவிட்டு, சுக்கானைத் தள்ளினாள்.

வந்த வழியே போனார்கள். பந்தயத்தில் பின்தங்கியிருந்த பேக்கரிக்காரரின் ஒற்றையாள் படகு பாய் விரித்தபடி அவர்களைத் தாண்டிப் போனது. உள்ளே யாரும் இல்லை. அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்று அலையில் ஏறி இறங்கியது. கிட்டே போனபோது, ஜாக்கெட்டின் கொக்கி கழன்று பேக்கரிக்காரரின் கழுத்துவரை ஏறியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து வாய்க்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தம்பி குப்புறப் படுத்து அவர் அக்குளில் கைவிட்டான். நல்ல கனம். அக்காவும் சுக்கானை விட்டுவிட்டு வந்து இடுப்புப் பட்டையைப் பிடித்தாள். ஒருவழியாக உள்ளே இழுத்துப் போட்டதும் அவர் ஏரியையே கக்குவதுபோலக் கக்கினார். பிறகு இருமினார். அந்த இருமலைக் கேட்டபிறகுதான் அக்கா உட்கார்ந்தாள்.

கரையில் ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. நெற்றியில் ஒரு வீக்கம்.

"நல்லவேளை, நீங்க கூப்பிட்டது இவனுக்குக் கேட்டுது," என்றாள் அக்கா.

"நான் எங்கம்மா கூப்பிட்டேன்? கட்டை அடிச்சதுதான் தெரியும். கண்ணு முழிச்சா உங்க படகுல கெடக்கேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் பாயைச் சுருட்டப் போய்விட்டான்.

எல்லோரும் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். வக்கீலம்மா கட்டிப்பிடித்து அழுதாள். கூட்டம் கலைந்ததும் அக்கா வந்து சுருட்டிய பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ முன்பக்கம் பாத்துதானே உக்காந்திருந்தே?"

"ம்."

"என்ன கேட்டுது உனக்கு?"

கையைப் பார்த்தேன், நிழலைப் பார்த்தேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவன் உண்மையைச் சொன்னான். அந்தப் பெயரையும் சொன்னான்.

அக்கா வெகுநேரம் பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவ்வளவுதானா?" என்றாள். "என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு வார்த்தை போதும், அவளுக்கு ஆயுசுக்கும் காணும். ஆனால் எந்த வார்த்தை?

"இல்லக்கா."

"அன்னைக்கு முழுக்க ஜன்னல் திறந்துதான் இருந்துது," என்றாள் அவள், யாருக்கோ கணக்கு ஒப்பிப்பதுபோல. பிறகு பாயைப் பைக்குள் திணித்து வாயைக் கட்டினாள்.

அடுத்த புதன்கிழமை அவன் வந்து சேர்வதற்குள் அக்கா படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள், முன்பக்கத்தில். கையுறையைக் கழற்றிப் பின்னிருக்கையில் வைத்திருந்தாள்.

"இன்னைக்கு நீ பிடி சுக்கானை."

"நான் பந்தயத்துல பிடிச்சதே இல்லியேக்கா. கடைசியாத்தான் வருவோம்."

"வரட்டும்."

கடைசியாகத்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. தம்பி பின்னால் உட்கார்ந்து, திரும்புறேன் என்று சொல்லச் சொல்ல அக்கா கயிற்றை விட்டாள், இழுத்தாள், ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் அவள் பாயைப் பார்க்கவில்லை. தலையை லேசாகத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று பலமாக அடித்தால் அவன் குரலைத் தாழ்த்திக்கொள்வான். சில சமயம் பேசாமலே சுக்கானைத் திருப்பினான். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச அவனுக்கு மனம் வரவில்லை.