நேசையாவுக்கு ஓர் இலை

ஜெபகனி ஒன்றை முடிவு செய்துவிட்டால் குருவானவரே குறுக்கே வந்தாலும் நகரமாட்டாள். பாளையங்கோட்டை ஜெயிலில் இருப்பவர்களின் குடும்பங்களைக் கவனிப்பது மிஷனில் அவளுக்குக் கொடுத்த வேலை. வீடு வீடாகப் பிடியரிசி வாங்கி, அந்தப் பெண்டு பிள்ளைகளின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள்.

பாக்கியவதி அப்படி மூன்று வருஷம் பிழைத்தவள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் தகராறு வந்து, அவள் புருஷன் நேசையா பக்கத்து வயல்காரர் ஞானையாவை அரிவாளால் காலில் வெட்டிவிட்டான். 1911-இல் விடுதலையாகி வந்தவனிடம் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூலிக்குக் கூப்பிடவும் ஆளில்லை. கொழும்புக்குக் கப்பலேறிவிடுகிறேன் என்றான். பாக்கியவதி அழுதாள். ஜெபகனிக்குக் கோபம்தான் வந்தது.

“கொழும்பு எங்கயும் ஓடிப்போவாதுலே. ஞாயித்துக்கெழம அசனத்துல வந்து உக்காரு. பந்தியில ஒருக்கா உக்காந்துட்டா, அப்புறம் உன்னை எவன் தள்ளி வைப்பான்?”

அசனம் என்றால் கோயில் திருநாளில் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பந்தி நிரம்பாமல் ஜெபம் கிடையாது, ஜெபம் முடியாமல் சோறும் கிடையாது. அந்த வழக்கத்தை நம்பித்தான் அவள் துணிந்தாள்.

நேசையா பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்து இலைக்கு ஆள் வரவில்லை. குழம்பு ஆறியது. பிள்ளைகள் சிணுங்கின. குருவானவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எழப்போன நேசையா, ஜெபகனி முறைத்த முறைப்பில் அப்படியே உட்கார்ந்தான். ஊர்ப் பசி தன் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

பந்தியின் மறுகோடியில் இன்னும் உட்காராமல் நின்ற ஞானையா கம்பை ஊன்றிக் கிளம்பினார். வலது கால் விறைத்திருந்தது. அவர் வருவார் என்று ஜெபகனி நினைக்கவே இல்லை. அன்றைக்கு முதல்முறையாக அவள் பயந்தாள்.

காலி இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஏலே, எந்திரி. முட்டு மடங்க மாட்டேங்கு. வெட்டுனவன் நீதான? நீயே பிடிச்சு உக்கார வையி.”

நேசையா எழுந்து அவரைக் கட்டிப் பிடித்து இறக்கினான். பைய, பைய என்றார் ஞானையா.

உட்கார்ந்த பிறகும் அந்தக் கால் நீட்டிக்கொண்டு பரிமாறுகிறவர்களுக்கு வழியை மறித்தது. நேசையா அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஜெபம் முடிந்து சோறு வந்தது. அந்தக் காலை மடியில் வைத்தபடியேதான் சாப்பிட்டான்.