மேட்டில் நிற்காத வண்டி

"தையல்காரம்மா வண்டியைத் திரும்பக் கூப்பிடுங்கப்பா."

பட்டறையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. வாசல் தாண்டிய வண்டியை நாமாகத் திரும்பக் கூப்பிட்டால் தொழில் அன்றோடு படுத்துவிடும் என்று அப்பா மகளுக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். பழைய பெட்ரோல் வண்டியின் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் பொருத்திக் கொடுக்கிற தொழில். கம்பெனி முத்திரை கிடையாது. அப்பாவின் வாய்தான் முத்திரை.

அவர் ஸ்டாண்டில் ஏற்றிய வண்டியின் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டு, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

காலையில் பிரேக் பார்க்க வந்த வண்டி ஒன்றின் பேட்டரிப் பெட்டியை அவள் திறந்திருந்தாள். அவள் கையால் கட்டிய பேட்டரி. உள்ளே அவள் வைக்காத தடித்த கம்பி ஒன்று, பாதுகாப்பு போர்டைத் தாண்டிக்கொண்டு போயிற்று. செல்களுக்குப் பாரம் மிஞ்சினால் அந்த போர்டு மின்சாரத்தை வெட்டிவிடும். ஆள் ஏறி மேட்டில் போகும்போது வண்டி பாதியில் நிற்கும். தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் சும்மா வரமாட்டார்கள், வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு வருவார்கள். பட்டறையில் கூடவே வேலை பார்க்கிற அண்ணன் அதற்கு வைத்தியம் கண்டுபிடித்திருந்தான். கம்பி போட்ட வண்டி இனி மேட்டில் நிற்காது. எதற்குமே நிற்காது.

அந்தக் கம்பியை நின்ற இடத்திலேயே வெட்டிப் போட்டாள். வேறு எந்த வண்டிக்குப் போட்டாய் என்று கேட்டதற்கு, தையல்காரம்மா வண்டிக்கு என்று அண்ணன் பரிசு வாங்கியவன் போலச் சொன்னான்.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையல்காரம்மாவுக்கு ஒற்றை அறை வீடு. பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய், பிள்ளைகள் படுக்கிற கட்டிலின் கால்மாட்டில்தான் சார்ஜ் போடுகிறாள். வண்டி வாங்க வந்த அன்றே அதைச் சொல்லித்தான் பயந்தாள். அப்பா மகளைக் கைகாட்டினார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், இவள் கட்டிய பேட்டரி, நிம்மதியாகத் தூங்குங்கள் என்றார். அவளும் தலையாட்டினாள்.

சார்ஜர்தான் தானாக நின்றுவிடுமே, அப்புறம் என்ன என்று அண்ணன் கேட்டான்.

"சார்ஜர் மொத்தத்தைத்தான் பாக்கும். பானைச் சோறு தீர்ந்தா யார் ரெண்டு மடங்கு தின்னா, யார் பட்டினின்னு பானைக்கு எப்படித் தெரியும்? ஒரு செல் அளவுக்கு மீறி நிறைஞ்சு பொங்குனா தீப்பிடிக்கும், அதைத் தடுக்கறது அந்த போர்டுதான். நீ அது வாயைக் கட்டி வச்சிருக்க."

"நம்ம வீட்டுல பொங்கறது நீ ஒருத்திதான்."

அப்பா சிரித்துவிட்டார். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள் என்றார். இத்தனை நாளாக ஓடுகிற வண்டி, ஒரு குறை வந்ததா? ஒன்றைக் கூப்பிட்டால் ஊரே வந்து வாசலில் நிற்கும். பிறகு, சமாதானமாக, அது சர்வீசுக்கு வரும்போது ஓசைப்படாமல் எடுத்துவிடலாம் என்றார்.

"நிக்கக் கூடாதுன்னுதானே கம்பி போட்டீங்க? நிக்காத வண்டியை யாருப்பா சர்வீசுக்குக் கொண்டு வருவா?"

அப்பாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. சுவிட்சை அணைத்தார்.

"என் பேரைக் கெடுக்காத பாப்பா."

"உங்க பேரைச் சொல்லியாப்பா வித்தீங்க? என்னைக் காட்டித்தானே வித்தீங்க."

அப்பா கையைத் துணியில் துடைத்தார். சுத்தமான கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அவகிட்டப் போயி என்னன்னு சொல்லுவ? உங்கப்பன் ஏமாத்திட்டான்னா?"

"தப்பா ஒரு கம்பி போட்டுட்டோம், எடுக்க வந்திருக்கேன்னு சொல்லுவேன். இனி மேட்டுல நிக்கும், எறங்கித் தள்ளணும்னும் சொல்லுவேன். ஏசுனா வாங்கிக்கறேன்."

கட்டரையும் டேப்பையும் பைக்குள் போட்டாள். அண்ணன் அவளுடைய வண்டிச் சாவியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். அவள் சாவியைக் கேட்கவில்லை. நடந்தால் நாலு தெரு.

பின்னால் அப்பா என்னவோ சொன்னார். அதற்குள் அவள் தெருவில் இறங்கி, கடப்பதற்கு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.