மூன்றாவது ஓலை

ஊர் வழக்கையெல்லாம் தலையில் போட்டுக்கொள்கிறவனுக்குத் தன் வழக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? ஆம்ப்ரோஸ் அந்த ரகம். ஐம்பத்தாறில், பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கண்டோன்மென்ட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் அவன் சங்கச் செயலாளர். அதே மில்லில் நூல் சுற்றும் பியாட்ரிஸுக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, தேதி இரண்டு தரம் தள்ளிப்போயிருந்தது. ஒரு தரம் வேலைநிறுத்தம், மறுதரம் கதவடைப்பு.

மூன்றாம் தரம் மாதா கோயிலில் ஓலை படிக்க ஆரம்பித்தாயிற்று. மணமக்கள் பேரை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்தால்தான் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுப்பார். இரண்டு ஞாயிறு முடிந்திருந்தது.

சனிக்கிழமை மில் வாசலில் கூட்டம். பம்பாய் தொழிற்சங்க மாநாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும், மாநாடோ கல்யாணத்தன்றைக்கே. துணைச் செயலாளர் வெங்கடகிருஷ்ணன் போகத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் சங்கத் தலைவர் மைக்கேல்ராஜ், "ஆம்ப்ரோஸ் போவட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்கப்பா" என்றார்.

ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தான். பியாட்ரிஸின் கையும் மேலே இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. கை தூக்கினால் சம்மதம் என்று பத்து வருஷமாகப் பழகியவன். அவளைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஓலை படித்து முடியட்டும், தேதியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கினான், மகராசன்.

ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். வேறு இரண்டு ஜோடிகளின் பேர் வந்தது. இவர்கள் பேர் வரவில்லை. பாவம், வயசான சாமியார் மறந்திருப்பார் என்று பூசை முடிந்ததும் எழுந்து ஓடினான். வாசலில் பியாட்ரிஸ் நின்றிருந்தாள்.

"படிக்கவாணாம்னு காலையிலயே நான்தான் போய்ச் சொல்லிட்டேன்."

"நேத்து கை தூக்கினியே, பியாட்ரிஸ்!"

"மில்லுக்காகத் தூக்கினேன். நீங்க போனா நல்லாப் பேசுவீங்க, அது நிஜம்." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கு எனக்குக் கல்யாணம், நான் வரலைன்னு நீங்க சொல்லுவீங்கன்னு கடைசிவரைக்கும் உங்க வாயையே பாத்துக்கினு இருந்தேன்."

இவள் இல்லாமல் தனக்கு வீடு ஏது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கலாம். பழக்கம் விடுமா?

"நாளைக்கே அவசரக் கூட்டம் போடறேன். தீர்மானத்தை ரத்து பண்ணிடலாம்!"



"அதுக்கும் நான் வந்து கை தூக்கணுமா?" என்றாள் பியாட்ரிஸ்.