கம்பளி குடித்த மருந்து

நவம்பர் 16, சனிக்கிழமை

நேற்று ஒரு தவறு எழுதிவிட்டேன். "விக்தான் இன்றும் குளிக்கவில்லை, நாறுகிறாள்" என்று. அவள் குளித்திருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

விக்தான் என் தங்கை, ஆறு வயது. பிறந்ததிலிருந்தே ஈரல் கெட்டிருக்கிறது. கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, எலும்பில் பலமில்லை. வியாழக்கிழமை ஃபிரிட்ஜ் கதவை இழுத்ததற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது.

நானும் அம்மாவும் காலை ஆறு மணிக்கே நூல் மில்லுக்குக் கிளம்பிவிடுவோம். மாடியிலிருந்து இறங்கி வந்து அவளைப் பார்த்துக்கொள்வது இன்ஷிராஹ் அத்தை. எலும்புக்கென்று ஆஸ்பத்திரி கொடுத்த, மீன் வாடை அடிக்கும் வைட்டமின் எண்ணெயைத் தினமும் ஒரு கரண்டி ஊட்டுவதும் அத்தையின் வேலை. மில்லிலிருந்து வந்து இரவுப் பள்ளிக்குப் போகும்முன் நான் கேட்பேன், "குடிச்சிட்டா" என்பார். மருந்துக்கென்று வைத்த நோட்டில் சரிக்குறி போடுவேன். முப்பத்தெட்டு நாளும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறேன்.

மாவுக்கட்டு போட்ட அன்று டாக்டர் நஜ்லா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும்மா எழுதுறா? சபாஷ்."

எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் மற்றதைச் சொன்னார். ரத்தத்தில் வைட்டமின் ஏறவே இல்லை. மருந்து தவறாமல் போயும் ஏறவில்லை என்றால் ஈரல் இன்னும் மோசமாகிவிட்டது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஊசி. அம்மாவின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைக்க முடியுமா என்று அம்மாவுக்கும் சோதனை. பஸ்ஸில் அம்மா வயிற்றின் மேல் கையை வைத்தபடியே வந்தாள்.

இன்று விடுப்பு எடுத்து, விக்தானின் கம்பளியைத் துவைக்க உதறினேன். கால் பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பழைய எண்ணெய், அதில் பஞ்சு, முடி, செத்த எறும்புகள். அப்போதுதான் அத்தை பாட்டிலோடு இறங்கி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் கவனிக்கவில்லை. விக்தானின் கால்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு கரண்டி ஊற்றித் தேய்த்தார்.

"அத்தை! அது குடிக்கிற மருந்து!"

"அட, நீ வேலைக்குப் போகலியா?" கையை எடுக்கவில்லை. "ஈரல் கெட்ட பிள்ளைக்கு எண்ணெய ஊத்தச் சொல்றாங்களே, அவங்களுக்கு அறிவிருக்கா? மஞ்சக்கண்ணுக்குத் தேனும் கரும்புப் பாகும்தான். எண்ணெய் ஆகவே ஆகாதுன்னு நம்ம மஹல்லாத் தெரு முழுக்கத் தெரியும். எலும்புக்குத்தானே மருந்து? மேல தேய்ச்சா நேரா எலும்புக்குப் போகுது."

"எங்க போச்சு? கம்பளிக்குத்தான் போயிருக்கு!"

"அக்கா, அத்தைய திட்டாத," என்றாள் விக்தான். "தேய்ச்சா அரிக்கல. குடிச்சா வாந்தி வரும்."

"தினமும் குடிச்சிட்டான்னு எங்கிட்டப் பொய் சொன்னீங்களே?"

"சொன்னேன், இப்ப என்ன? ஒரு நாளாவது பாட்டிலத் தொட்டுப் பாத்தியாடி? ராத்திரிப் பள்ளிக்கூடத்து டாக்டரம்மாவுக்கு டிக் போடத்தான் தெரியும்."

பிறகு குரல் இறங்கியது. "டாக்டர்கிட்ட சொல்லிடாத, ரிஹாப். நாளையிலேர்ந்து வாயிலயே ஊத்துறேன். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னய இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டா."

அத்தையின் மேல் அருவருப்பு வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை. அந்தக் கை முப்பத்தெட்டு நாளும் குழந்தையின் காலைப் பிடித்துவிட்டிருக்கிறது. நானோ போன வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு விக்தானை "மீன் கூடை" என்று கூப்பிட்டேன். என் படுக்கையைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். அவள் மறுநாள் இரண்டு முறை குளித்தாள். அரித்துப் புண்ணான தோலைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

சொல்லாமல் விட்டால் டாக்டரின் "சபாஷ்" எனக்கு மிஞ்சும். இதை யோசித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். மூன்று முறை கை கழுவிவிட்டேன். நாற்றம் போகவில்லை, பேனாவிலும் ஏறிவிட்டது.

நாளை: காலைச் சாப்பாட்டோடு ஒரு கரண்டி நானே ஊட்ட வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி, விழுங்கிவிட்டாளா என்று பார்த்த பிறகே குறி. ஏழு மணி பஸ். ஊசி போடும்முன் டாக்டர் நஜ்லாவிடம் நோட்டைக் கொடுத்து, முப்பத்தெட்டு குறியும் பொய் என்று அம்மாவின் முன்னாலேயே சொல்ல வேண்டும்.