கடைசி ஃபாரம்

அக்காவின் கணவர் வீட்டை விட்டுப் போனபோது ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். "எனக்கு இங்கே வெளிச்சம் போதவில்லை." அவ்வளவுதான் கடிதம். அவர் ஓவியர். வீட்டில் ஆறு ஜன்னல், நான்கு டியூப்லைட். போதாத வெளிச்சம் வேறொரு ஊரில், மண்பாண்டம் செய்கிற ஒரு பெண்ணின் வீட்டில் கிடைத்ததாகப் பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவரை மாமா என்று சொல்வதை விட்டுவிட்டேன். என் வாயில் அவருக்குப் பெயர் வெளிச்சம்தான்.

இரண்டு வாரம் துணைக்கு இருக்கலாம் என்று ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. அவர் படம் வரைந்த அறையில்தான் என் கட்டில். தரையில் சிந்திய நீலம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதன் மேல் ஒரு மிதியடியைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். மற்றவர்கள் "வலிக்காது" என்று சொல்லிவிட்டுக் குத்துவார்கள். இவள் "வலிக்கும், மூணு எண்ணுங்க" என்பாள். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் இவள் இருக்கிற நேரம் பார்த்து வருவார்கள். நான் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்கிறவள். பசை, நூல், ஊசி, பேச்சுத்துணைக்குக் கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறி. ரெண்டு பேருமே ஊசி பிடித்துப் பிழைக்கிறவர்கள் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

போன வருடம் ஒரு பேராசிரியரின் குடும்பம் அவருடைய அலமாரி ஒன்றை அப்படியே நூலகத்துக்குக் கொடுத்தது. முழுக்கப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த புத்தகங்கள். நாவல், கடிதங்கள், வாழ்க்கை வரலாறு, காதல் முறிவைப் பற்றியே ஒரு தடிமனான கட்டுரைத் தொகுப்பு. எதைத் திறந்தாலும் உச்சி மாடியில் குளிரடிக்கிற ஓர் அறை, அதில் ஓர் ஓவியனோ கவிஞனோ, அவனை நம்பி ஒருத்தி. சாப்பிட ஒன்றும் இருக்காது, ஆனால் பூ வாங்கி வருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் பிடிக்கும் என்றும் தோன்றியது. ஒன்றை எடுத்து வந்து கொடுத்தேன்.

மூன்றே நாளில் முடித்தாள். கடைசியில் அந்தப் பெண் ரயில் நிலையத்தில் அவனுக்காக நின்றுகொண்டே இருக்கிறாள், ரயில்கள் வந்து வந்து போகின்றன, கதை முடிந்துவிடுகிறது. அக்கா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் எழுந்து, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள்.

அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இன்னொரு நான்கு நாளைத் தாங்கவும் எனக்குத் தெம்பில்லை. அப்போதுதான் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது.

தைத்த புத்தகம் என்பது பதினாறு பதினாறு பக்கமாக மடித்த கட்டுகளின் வரிசை. ஒவ்வொரு கட்டையும் நாங்கள் ஃபாரம் என்போம். வரிசை மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு ஃபாரத்திலும் முதல் பக்கத்தை மட்டும் பார்ப்பது எங்கள் வழக்கம். முழுசாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நடக்குமா? அப்படித்தான் அடுத்த புத்தகத்தின் கடைசி ஃபாரத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே அழுகை. நூலை வெட்டி, அந்தப் பதினாறு பக்கத்தை உருவி, மிச்சத்தை இறுக்கிக் கட்டி, அட்டையை ஒட்டினேன். உருவியதை ஓர் உறையில் போட்டு, புத்தக எண்ணை எழுதி, என் மேஜை இழுப்பறையில் பூட்டினேன். பக்கத்தைத் தூக்கி எறிய எங்களுக்குக் கை வராது.

அந்த அலமாரியில் பின்பக்கமாகக் கரையான் ஏறியிருந்தது, கடைசிப் பக்கங்கள் போய்விட்டன என்று அக்காவிடம் சொன்னேன். நான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னால் அவள் நம்புவாள், நரம்பைப் பற்றி அவள் சொன்னால் நான் நம்புவது போல. அப்படி ஒன்பது புத்தகங்கள். இவ்வளவு ஒழுங்காகத் தின்னும் கரையானை நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. முடிவில்லாத கதைகளுக்கு அக்கா தானே முடிவு சொல்ல ஆரம்பித்தாள். காய் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, பல் தேய்த்துக்கொண்டேகூட. அவன் மழையில் நனைந்துகொண்டு திரும்பி வருவான். அவள் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து ஒரு துண்டைக் கொடுப்பாள். இல்லாவிட்டால் கடை ஜன்னலில் அவன் வரைந்த படத்தைப் பார்ப்பாள், அதில் இருப்பது அவள் முகம். அந்த ஓவியர்களில் ஒருவனுக்காவது குடை எடுத்துப்போகிற பழக்கம் இருக்காதா என்று நான் கேலி செய்வேன். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவாள். பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. அந்த முடிவுகள் எனக்கும் பிடித்திருந்தன. இன்னொன்று கேட்கிற ஆசையில்தான் கடைசி இரண்டு புத்தகங்களை வெட்டினேன். அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை வெளிச்சம் போன் செய்தார். மண்பாண்டம் உடைந்துவிட்டது போலிருக்கிறது. ஞாயிறு காலை வருகிறேன், பேச வேண்டும், நீ சம்மதித்தால் அப்படியே இருந்துவிடுகிறேன் என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவர் வந்தா அந்த ரூம் வேணும்டி," என்றாள். "அவசரமில்ல. நீ வேற இடம் பாத்துக்கற வரைக்கும் சமாளிச்சுக்கலாம்."

எந்த நம்பிக்கையில் அவரைச் சேர்த்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். அந்த மாதிரி ஆட்கள் போவார்கள், வருவார்கள். கதவைத் திறந்துவிடுகிறவள்தான் கடைசிவரை கூட இருப்பாள். அந்த முதல் புத்தகத்தைத் தவிர எல்லாவற்றிலும் அப்படித்தானே.

எனக்குத் தெரிந்து ஒன்றில்கூட அப்படி இல்லை. அப்படி முடித்தவள் அவள், முடிக்க விட்டவள் நான். தானே சொன்ன முடிவுகளைச் சொல்லிச் சொல்லி, அவை புத்தகத்தில் இருந்ததாகவே அவளுக்கு ஆகிவிட்டது. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்காகச் சொல்லப்போகிறேனா, என் கட்டிலுக்காகச் சொல்லப்போகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த யோசனையில் ஓர் அகராதியைத் தலைகீழாக அட்டைக்குள் ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒன்பது உறைகளையும் பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் உறைகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அறை போய்விடும் என்கிற பயமும் இதில் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் ஒரு குழந்தைகிட்டகூட வலிக்காதுன்னு சொன்னதில்ல," என்றாள். "நீ ஒரு வருஷமா எனக்கு அதையே சொல்லிட்டிருந்திருக்கே."

உறைகளை அள்ளிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஒன்பது புத்தகத்திலும் ஏமாந்தவர்களைப் படித்துவிட்டு அவரை வேண்டாம் என்பாள், ஆனால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். இல்லாவிட்டால், என்மேல் உள்ள கோபத்தில் அவரை உள்ளே விடுவாள். எது நடந்தாலும் காரணம் நான்தான். பிறகு உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. காது ஏமாற்றுகிறதோ என்று கதவருகே போய் நின்றேன். மறுபடியும் சிரித்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரே ஓர் உறை.

"இதை நீ முழுசாப் படிச்சியா?"

முதல் பக்கத்தைப் பார்த்தேன் என்றேன். அதில் அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறாள்.

"அதுக்கப்புறம் பதினஞ்சு பக்கம் இருக்குடி."

அது நாவல் இல்லை. ஓவியர்களுக்கு மாடலாக நின்ற ஒரு பெண் தன் வயதான காலத்தில் எழுதிய சொந்தக் கதை. படிக்கட்டில் அழுதவள் எழுந்து போகிறாள். ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்கிறாள், இஸ்திரிப் பெட்டியால் கையைச் சுட்டுக்கொள்கிறாள், முதலாளியம்மாவோடு சண்டை போடுகிறாள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். ஒருநாள் அவன் திரும்பி வந்து தெருவில் நின்று கூப்பிடுகிறான். அவள் ஜன்னலைத் திறந்து அவனைப் பார்க்கிறாள். அவன்மேல் ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குள் நான் கட்டிலின் நடுவில் படுத்துத் தூங்கப் பழகியிருந்தேன் என்று எழுதி முடித்திருந்தாள்.

மற்ற எட்டில் ஐந்து அழுகைதான் என்றாள் அக்கா. ஒன்றில் அவன் திரும்பியே வந்துவிடுகிறான். அவள் சாகிறவரை அவனுடைய தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இருப்பதிலேயே மோசம் அதுதானாம். மிச்சம் இரண்டு பேர் நன்றாகவே இருக்கிறார்கள். ஒருத்தி மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு குண்டாகிறாள்.

அவள் படித்தே ஆக வேண்டிய பக்கங்களைத்தான் நான் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் கத்தரியை எடுத்தவளுக்கு வேறென்ன தெரியும்? மன்னித்துவிடு என்றேன். அவள் என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கு அவரை இன்னும் பிடிக்கும்டி," என்றாள். "அதை நீ வெட்டி எடுக்க முடியாது."

எடுக்க மாட்டேன் என்றேன். நாளைக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை எழுந்ததும் என் துணிகளைப் பையில் அடுக்கிவிட்டேன்.

பத்தே காலுக்கு வந்தார். நான் அறைக்குள் இருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் அந்த வீட்டில் எதுவும் காதில் விழாமல் போகாது. அதே இதமான குரல். மெலிந்துவிட்டாயே என்றார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். தப்புப் பண்ணிவிட்டேன் என்றார், அங்கே ஒரு கோடுகூட வரைய ஓடவில்லை என்றார், இந்த வீட்டு ஜன்னல்தான் கனவில் வருகிறது என்றார். நன்றாகத்தான் பேசினார். எனக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அக்கா அழுவது கேட்டது. பையை மடியில் வைத்து அதன் வாரைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அவர் கேட்டார், கீழே சாமான் இருக்கிறது, என் ரூமில் கொண்டுவந்து வைத்துவிடட்டுமா என்று.

"அது என் தங்கச்சி ரூமுங்க," என்றாள் அக்கா.

அதனால் என்ன, ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்றார்.

"ஹால்ல நாங்க படிப்போம்," என்றாள் அழுகையோடே. "தண்ணியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

வாசல் கதவு சாத்தப்படுவது கேட்டது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். அக்காதான் வந்தாள். அழுகை இன்னும் நின்றிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் மடியிலிருந்த பையை இழுத்துத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். மடிப்பு சரியில்லை என்று இரண்டைத் திரும்ப மடித்தாள்.