சிமெண்டு காயும் வரை

பழைய கக்கூசுப் பீங்கானின் மேல் வேலப்பன் சுத்தியலால் போட்ட முதல் அடியிலேயே எஸ்டேட் லைன் வீட்டுச் சுவர் அதிர்ந்தது. கழிப்பறை வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்த அவன் மனைவி ருக்குமணி, “இன்னும் ஓங்கிப் போடுங்க” என்றாள். ஒவ்வொரு அடியும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜுவின் மண்டையில் விழுவதாக நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தால்தான் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

மழையில் வழுக்கிய தேயிலைச் சரிவில் கூடையோடு உருண்டவள் அவள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கம்பி வைத்து, இனிமேல் குத்துக்கால் வைத்து உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? லைனில் எந்த வீட்டுக்குப் போனாலும் குந்தி உட்காரும் பீங்கான்தான். அன்றிலிருந்து அவளுக்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு மர நாற்காலி, அதன் அடியில் ஒரு வாளி. வாளியை வேலப்பன்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினான். ஒரு நாளாவது முகம் சுளித்திருந்தால் அவனை நாலு ஏசு ஏசித் தீர்த்திருப்பாள். அவன் சுளிக்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது. பாதி வயிறு சாப்பிட்டாள், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் யோசித்தாள்.

எஸ்டேட் வீட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கும் ஆபீசைக் கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்தாள்.

“ஒனக்கு ஒண்ணு மாத்திக் குடுத்தா நாளைக்கி லைன் பூரா வந்து நிப்பானுங்க லா. தொரைக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் கிராணி.

“நான் எங்க விழுந்தேங்க ஐயா? தொரையோட மலையிலதான?”

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, “அம்மாவுக்கு பங்களா கக்கூசு வேணுமாம்” என்று சிரித்தார். தோட்டத்துக் கணக்கில் கையெழுத்துப் போடத் தெரிந்துவிட்டால் மனிதனுக்கு இடுப்பெலும்பு இரும்பாகிவிடும் போலிருக்கிறது. அந்தச் சிரிப்பை ருக்குமணி வீடு வரைக்கும் சுமந்து வந்தாள்.

பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலை இடித்துக் கட்டினார்கள். அங்கே வெளியே எறிந்திருந்த உட்காரும் பீங்கானை வேலப்பன் கேட்டு வாங்கி, காய்கறி லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே ஏற்றி வந்தான். மூடி இல்லை, ஒரு ஓரம் உடைந்திருந்தது. பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்து அவளே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இந்த முறை ஆபீசில் கேட்கவில்லை. கேட்கிற வாய்க்கும் மானம் இருக்கிறது.

மத்தியானத்துக்குள் அதைக் குழாயோடு பொருத்தி, அடியில் சிமெண்டு பூசி முடித்தான்.

“இந்தக் குளுருல சட்டுனு காயாது புள்ள. நாளைக்கி வரைக்கும் உக்காந்துடாத. அசைஞ்சா குழா விட்டுப்போவும்.”

அவன் கை கழுவுவதற்குள் கிராணி வந்துவிட்டார். பின்னால் கடப்பாரையோடு மாடசாமி. பக்கத்து லைன்காரன்தான், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான்.

“யாரக் கேட்டு ஒடச்ச? பச்ச சிமெண்டுதான, பேத்துப் போடு மாடசாமி.”

வேலப்பனின் கை சுத்தியலை இறுக்கியது. அதை ஓங்கினால் வேலையும் போகும், வீடும் போகும். இரண்டையும் எடுத்துக்கொள்ளத்தான் அந்த மனுஷன் வந்து நிற்கிறான் என்று ருக்குமணிக்குப் பட்டது.

“அதக் கீழ போடுங்க!” என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். கடப்பாரையைக் கையால் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். தள்ளிய வேகத்தில் ஊன்றுகோல் வெளியே விழுந்துவிட்டது.

“ஏய், வெளிய வா!”

“பொம்பள உள்ள இருக்கேன். கடப்பாரையோட வாசல்ல நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

கக்கூசுக்குள் இருக்கும் பெண்ணைக் கதவைத் தட்டி அழைக்க எந்த ஆம்பளைக்கும் நாக்கு எழாது, கிராணியாகவே இருந்தாலும்.

“எவ்ளோ நேரம் ஆவும்?” கிராணியின் குரல் இறங்கியிருந்தது.

“வயிறு சரியில்லீங்க ஐயா. பொழுது சாயலாம், விடியலாம். நின்னு பாக்குறதுன்னா பாருங்க.”

லைனில் கதவுகள் திறந்தன. “கிராணிக்கு அங்க என்னாடி வேல?” என்று பக்கத்து வீட்டு நவமணி யாரிடமோ உரக்கக் கேட்டாள்.

ருக்குமணிக்கு இடுப்பில் தீப்பிடித்தது. உட்கார ஒரே ஓர் இடம்தான், அவளுக்குப் பின்னாலேயே, வெள்ளையாக, ஈரச் சிமெண்டின் மேல். ஒரு கையை இந்தச் சுவரிலும் ஒரு கையை அந்தச் சுவரிலும் ஊன்றினாள். கதவிடுக்கில் கிராணியின் பூட்சு தெரிந்தது. அது நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல கால் ஒன்றையே ஊன்றி, அந்தப் பீங்கான்மேல் உட்காராமல் நின்றாள்.